படிவம் 20ல் இரண்டாவது கட்டம்: ராணுவ புல்லட்டுக்கு சென்னையில் நம்பர் வாங்கிய கதை

ஆர்டிஓ ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு எதிரே ஒரு டீக்கடை, தார்ப்பாய் கட்டி ஹெல்மெட் விற்பவர், ஒரு ஜெராக்ஸ் கடை, இந்த மூன்றும் இருக்கும். அந்த ஜெராக்ஸ் கடைக்காரி நான். வட சென்னையில் 2008லிருந்து ஒரே இடம். ஒரு நாளைக்குக் குறைந்தது பத்து படிவம் 20 அடித்துக் கொடுப்பேன். வண்டியைப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம் அது. அதில் மூன்று கட்டமாக ஒரு வரி இருக்கிறது: வாகனம் புதியதா, முன்னாள் ராணுவ வாகனமா, இறக்குமதி செய்யப்பட்டதா. மூன்றில் இரண்டைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் அடிப்பது என் கைக்குப் பழகிப் போயிருந்தது. முதல் தடவையாக ஒன்றாவதையும் மூன்றாவதையும் அடித்தது 2019ல், எங்கள் அப்பாவுக்காக.

அப்பா ராணுவத்தில் இஎம்இ எனப்படும் மின், இயந்திரப் பொறியியல் பிரிவில் வண்டி மெக்கானிக். செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, ஜோத்பூர், ஜம்மு என்று சுற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு பீமரத சாந்தி செய்யலாம் என்று அம்மா பேச்சை எடுத்தபோது, "அந்தக் காசுக்கு ஒரு ஓஜி புல்லட் வாங்கிக் கொடுங்க, போதும்" என்றார். ஓஜி என்றால் ராணுவப் பச்சை. அந்த வண்டிகள் நம் திருவொற்றியூரில் செய்யப்பட்டு, இங்கிருந்து ராணுவத்துக்குப் போனவை. "நானும் இந்த ஊர்ல இருந்துதான் போனேன், திரும்பி வந்துட்டேன். அதுவும் வரட்டுமே" என்பது அவர் வாதம். பதில் சொல்ல முடியவில்லை.

கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஆர்டிஓ வழி சொல்பவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். வண்டி கேட்டதிலிருந்து நம்பர் ஏறும்வரை இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் கற்றதை எழுதி வைக்கிறேன்.

இதற்குப் பழைய ஆர்சி கிடையாது

சாதாரணமாகப் பழைய வண்டி வாங்கினால் முதலில் ஆர்சியைக் கேட்போம். ராணுவ வண்டிக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 60ஆம் பிரிவுப்படி, நாட்டின் பாதுகாப்புக்குப் பயன்படும் மத்திய அரசு வண்டிகளை அவர்களே பதிவு செய்துகொள்கிறார்கள். நம்பர் பலகையில் மேல்நோக்கிய ஒரு அம்புக்குறி, வருடத்தின் இரண்டு இலக்கம், ஒரு எழுத்து, எண்கள், கடைசியில் இன்னோர் எழுத்து இருக்கும். எந்த ஆர்டிஓவின் பதிவேட்டிலும் அந்த நம்பர் இருக்காது. வண்டி ராணுவத்தின் கையை விட்டுப் போன அன்றே அந்தப் பதிவும் போய்விடும். அதற்குப் பிறகு நம்மைப் போன்றவர்களின் வண்டிப் பதிவுக்கு உள்ள 39, 40 பிரிவுகள்தான். அதாவது சட்டத்தின் கண்ணில் அது இதுவரை பதிவாகாத வண்டி. அதனால் பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியதில்லை. வண்டியை விற்கும் ராணுவ டெப்போ எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஏரியாவின் ஆர்டிஓவிலேயே பதிவு செய்யலாம்.

ஆர்சியின் இடத்தில் நிற்கும் காகிதம் படிவம் 21, விற்பனைச் சான்றிதழ். ஷோரூமில் புது வண்டி வாங்கும்போது டீலர் தருவாரே, அதே படிவம்தான். தலைப்பைப் பொறுமையாகப் படித்தால், தயாரிப்பாளர், டீலர், அல்லது ராணுவ ஏல வாகனமானால் பாதுகாப்புத் துறை அதிகாரி வழங்க வேண்டியது என்று அச்சடித்திருக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 47ம், முன்னாள் ராணுவ வாகனத்துக்கு அந்தச் சான்றின் அசலை வைக்க வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. இந்த ஒரு தாள் இல்லாவிட்டால் மற்ற எதுவும் உதவாது. நோட்டரி, இருபது ரூபாய் பத்திரம், "நமக்குத் தெரிஞ்ச ஆள் உள்ள இருக்காரு" எதுவுமே.

எடைக்கு விற்றதா, வண்டியாக விற்றதா

இந்த விஷயம் எனக்கு எட்டாயிரம் ரூபாய் செலவில் தெரிந்தது.

முதலில் நாங்கள் போனது ஒரு வியாபாரியிடம். பெயரும் இடமும் வேண்டாம். ஷெட்டில் பதினைந்து புல்லட் வரிசையாக நின்றன. எல்லாம் பச்சை, டேங்கில் யூனிட் குறி கூட அழியவில்லை. அப்பா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, கிக்கரை அமுக்கிப் பார்த்து, ஒன்றின் பக்கத்தில் நின்றுவிட்டார். "பேப்பர் எல்லாம் பக்கா, அக்கா" என்றார் வியாபாரி. முன்பணம் எட்டாயிரம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து பேப்பர் ஜெராக்ஸ் கைக்கு வந்தது. ஏலம் நடந்தது உண்மை, டெலிவரி ஆர்டரும் உண்மை. ஆனால் பொருள் விவரத்தில் 'ஸ்க்ராப்' என்று இருந்தது. அளவு என்ற இடத்தில் எத்தனை வண்டி என்பதற்குப் பதில் மெட்ரிக் டன் கணக்கு. சேஸிஸ் நம்பர் என்ற பேச்சே இல்லை.

எடைக்கு விற்ற பொருளுக்கு நம்பர் கிடைக்காது. அதை உடைத்து காயலான் கடையில் போடலாம், பாகம் பாகமாகப் புதுப்பேட்டையில் விற்கலாம், ரோட்டில் ஓட்ட முடியாது. இப்படிப்பட்ட வண்டிக்கு வேறு ஏதோ கண்டமான புல்லட்டின் ஆர்சியை ஒட்டி, சேஸிஸ் நம்பரைத் தேய்த்து மறுபடி குத்திக் கொடுப்பவர்கள் உண்டு. அது மோசடி வழக்கு. வண்டியோடு சேர்ந்து நீங்களும் ஸ்டேஷனில் நிற்க வேண்டி வரும். முன்பணம் திரும்பவில்லை. இன்று யாராவது என் கடைக்கு வந்து ராணுவ வண்டி என்றாலே, வண்டியின் போட்டோவைக் காட்ட ஆரம்பிக்கும் முன் பேப்பரைக் கேட்கிறேன்.

நேர்வழிகள் மூன்று. ஒன்று, நீங்களே ஏலத்தில் எடுப்பது. படைகளின் கழித்த வண்டிகள் பெரும்பாலும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணையதள ஏலத்தில் வருகின்றன. பான் கார்டு, வங்கி விவரம் கொடுத்துப் பதிவு செய்து, முன்வைப்புத் தொகை கட்டி ஏலம் கேட்க வேண்டும். எல்லாமே 'இருப்பது இருந்தபடி' விற்பனை. எஞ்சினுக்குள் பிஸ்டன் இல்லாவிட்டாலும் புகார் சொல்ல முடியாது. பார்வையிட நாள் ஒதுக்குவார்கள், கட்டாயம் நேரில் போங்கள். சிக்கல் என்னவென்றால் பல லாட்டுகளில் ஐந்து, பத்து வண்டி சேர்ந்தே வரும். ஒரு புல்லட் வேண்டியவர் பத்து வாங்க முடியாது. அதனால்தான் வியாபாரிகள் நடுவில் வருகிறார்கள்.

இரண்டு, நல்ல வியாபாரியிடம் வாங்குவது. அப்படியும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும்போது படிவம் 21 யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏலம் எடுத்தவர் பெயரில்தான் இருக்கும். அவர் முதலில் தன் பெயரில் பதிவு செய்து, பிறகு படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு மாற்றுவதுதான் தலைவலி இல்லாத வழி. கூடுதல் செலவு ஆகும், பரவாயில்லை.

மூன்றாவது வழி எனக்கே தெரியாமல் இருந்தது. அப்பாவின் பழைய நண்பர் சொன்னார். ராணுவம் கழித்த வண்டிகளை முன்னாள் படைவீரர்களுக்கும், பணியில் இறந்தவர்களின் மனைவியருக்கும் ஒதுக்கித் தரும் ஒரு திட்டம், டிஜிஆர் எனப்படும் மறுவாழ்வு தலைமை இயக்குநரகத்தின் வழியாக இருக்கிறது. ராணுவ மொழியில் இந்த வண்டிகளுக்கு 'கிளாஸ் ஃபைவ்' என்று பெயர். வீட்டில் முன்னாள் படைவீரர் இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நாங்கள் எழுதிப்போட்டு ஒன்றரை வருடம் போல் காத்திருந்தோம். வந்த கடிதத்தில் ஒரு டெப்போவின் பெயர், வண்டியின் நம்பர், கட்ட வேண்டிய தொகை எல்லாம் இருந்தன. படிவம் 21 நேராக அப்பா பெயரிலேயே வந்தது. இதைவிடச் சுத்தமான பேப்பர் கிடையாது என்று நினைத்தேன். அவசரப்பட்டு நினைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு எச்சரிக்கை. எங்கள் வண்டி 2006 மாடல், எடுத்தது 2019. இன்று வாங்குபவர் முதலில் தயாரிப்பு வருடத்தைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1லிருந்து, அரசுக்குச் சொந்தமான வண்டி பதினைந்து வருடம் தாண்டினால் பதிவு காலாவதி, அதைப் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் உடைத்துவிட வேண்டும் என்று விதி 52ஏ வந்துவிட்டது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்குக்கான கவச வண்டி, சிறப்பு வகை வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. அதனால் இருபது வருடத்து ராணுவ புல்லட் என்று யாராவது இப்போது புதிதாகக் கொண்டுவந்தால், அது எந்தத் தேதியில், எந்த வகையில் விற்கப்பட்டது என்று இரண்டு தடவை கேளுங்கள்.

பஞ்சாப், ஹரியானா பக்கம் ஏற்கெனவே பதிவாகி அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளும் சென்னைக்கு வருகின்றன. அது வேறு கணக்கு. அங்கே ஆர்சி ஏறிவிட்டதால் வழக்கமான வெளிமாநில வண்டி மாதிரிதான்: படிவம் 28ல் தடையில்லாச் சான்று, 27ல் புது நம்பருக்கு விண்ணப்பம், பெயர் மாற்றத்துக்கு 29, 30. திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் எஞ்சின், சேஸிஸ் நம்பர் போட்டுப் பார்த்துவிடலாம்.

மூன்றா எட்டா

வண்டியை லாரி பார்சலில் ஏற்றி மாதவரம் வந்து, அங்கிருந்து குட்டியானை மினி லாரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டி வரலாம் என்று நினைக்காதீர்கள், தள்ளிக்கொண்டு போனாலும் கேள்வி வரும். ஓட்டித்தான் தீர வேண்டுமென்றால் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். டெப்போ தரும் கேட் பாஸை வண்டியோடு அனுப்புங்கள், வழியில் கேட்பார்கள். அப்புறம் அதைப் பத்திரமாக வையுங்கள், ஃபைலில் சேர்க்க வேண்டியது.

முதல் வேலை சேஸிஸ் நம்பர். புல்லட்டில் அது ஹேண்டில்பார் தண்டு நுழையும் கழுத்துப் பகுதியில் குத்தியிருக்கும். எஞ்சின் நம்பர் இடது பக்கம், சிலிண்டருக்குக் கீழே எஞ்சின் கூட்டின் மேல். ராணுவத்தில் ஒவ்வொரு ஆய்வுக்கு முன்னும் பெயிண்ட் அடிப்பார்கள். அதன்மேல் இன்னொரு பெயிண்ட். எங்கள் வண்டியின் கழுத்தில் நான்கு அடுக்கு இருந்தது: பச்சை, பழுப்பு ப்ரைமர், மறுபடி பச்சை, அதன்மேல் வெளிர்ந்த இன்னொரு பச்சை. நம்பர் இருக்குமிடம் வெறும் மேடு பள்ளமாகத்தான் தெரிந்தது.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். கிரைண்டரிலோ உப்புத்தாளிலோ தேய்த்தால் நம்பரின் ஓரம் மழுங்கிவிடும். வண்டியைச் சோதிக்கும் ஆர்டிஓ ஆய்வாளருக்கு அது திருட்டு வேலை மாதிரித் தெரியும், அப்புறம் தடயவியல் சோதனை வரை போகும். அப்பா செய்த விதம் இது: பெயிண்ட் ரிமூவரைச் சின்ன பிரஷ்ஷில் தடவி, பத்து நிமிஷம் விட்டு, மூங்கில் சீவலால் வழித்தார். இரும்பு படவே இல்லை. மறுபடி தடவி, மறுபடி வழித்து, கடைசியில் பித்தளை பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும். துணியால் துடைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் நேராக விழுந்தால் நம்பர் தெரியாது, பக்கவாட்டில் விழ வேண்டும். பென்சிலை நம்பரின் மேல் படுக்கவைத்துத் தேய்த்து, அதன்மேல் செலோடேப்பை ஒட்டி உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டினார். நம்பர் அப்படியே கறுப்பாக வந்தது. இந்த பிரிண்ட்தான் ஃபைலுக்குப் போகும். ஐந்தாறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிரிண்டைப் படிவம் 21க்குப் பக்கத்தில் வைத்தேன். கடைசிக்கு முந்திய இலக்கம், படிவத்தில் 3. தாளில் 8.

"எட்டுதான் பாப்பா. பஞ்ச் இடது பக்கம் சரியா விழலை. அவசரத்துல பாக்கறவனுக்கு மூணாத்தான் தெரியும்" என்றார் அப்பா. பெயிண்ட்டுக்கு மேலே பார்த்து யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒரே ஓர் இலக்கம். இதைப் பேனாவால் திருத்திக்கொண்டு போவது எப்படி முடியும் என்பது, கடையிலிருந்து தினமும் பார்க்கும் எனக்குத் தெரியும். திருத்தம் இருந்தாலே ஃபைல் ஜன்னலிலிருந்து திரும்பி வரும். டெப்போவுக்குக் கடிதம் எழுதினோம். பென்சில் பிரிண்ட், நம்பரின் நெருக்கமான போட்டோ, படிவத்தின் நகல், ஒதுக்கீட்டுக் கடிதம், எல்லாவற்றையும் இணைத்து, திருத்திக் கையெழுத்திட்டுத் தராமல் புதிய படிவமாகவே தரும்படி கேட்டோம். ஏழு வாரம் ஆனது. நடுவில் நான்கு நினைவூட்டல்.

டெலிவரி எடுத்து, பயண நாள் நீங்கலாக ஏழு நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஏழு நாள் எங்கே, ஏழு வாரம் எங்கே. கடிதப் போக்குவரத்து முழுவதையும் தேதி வாரியாகக் கோத்து, தாமதத்துக்கு விளக்கம் எழுதி வைத்தேன். அதனால்தான் சொல்கிறேன், டெப்போ வாசலைத் தாண்டும் முன்பே நம்பரைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு சின்ன டப்பா பெயிண்ட் ரிமூவர், செலோடேப், பென்சில், டார்ச். பையில் இது நான்கும் இருந்தால் ஏழு வாரம் மிச்சம்.

எஞ்சின் நம்பர் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் ஏறிய எஞ்சினேதான் அந்த வண்டியில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். "ஒர்க்‌ஷாப்புல பத்து எஞ்சின் இறக்கினா, ரெடியானது எதுவோ அது காத்திருக்கற வண்டியில ஏறும். எதோட பொண்டாட்டி எதுன்னு யாரு பாக்கறது" என்பார் அப்பா. அது பிரச்சினை இல்லை. தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, வண்டியில் இப்போது இருக்கும் நம்பரும் படிவம் 21ல் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் வாங்கிய பிறகு, ஆய்வுக்கு முன் எஞ்சினை மட்டும் மாற்றாதீர்கள். நல்ல எஞ்சின் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் சரி.

பச்சையை உரித்தது

அப்பாவுக்கு இந்த வண்டியின் மேல் ஆசை வந்ததே அந்த நிறத்தால்தான். அதையே முதலில் அழிக்க வேண்டியிருந்தது. மத்திய மோட்டார் வாகன விதி 121: பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. "வேற ஷேடு பச்சை சார், மிலிட்டரி பச்சை இல்ல" என்று வாதாடுபவர்களைக் கடை வாசலில் பார்த்திருக்கிறேன். ஷேடு பற்றி விவாதிக்க ஆய்வாளருக்கு நேரம் இருக்காது, அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வேறு நிறமே அடித்துவிடுங்கள். படிவம் 20ல் நிறம் எழுதும் இடம் உண்டு என்பதால் பெயிண்ட் வேலையை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை அடிக்க வேண்டும்.

ஓட்டேரியில் ஒரு பெயிண்டரிடம் கறுப்பு அடித்து, டேங்கில் தங்கக் கோடு கையாலேயே போட்டு வாங்கினோம். அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தை மட்டும் தொடவிடவில்லை. அது இன்னும் பச்சைதான். சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், திறந்தால்தான் தெரியும்.

கழற்ற வேண்டியவை இன்னும் உண்டு. அம்புக்குறி நம்பர் பலகை, யூனிட் குறிகள், ஹெட்லைட் கண்ணாடியின் மேல்பாதியில் இருக்கும் கறுப்பு மறைப்பு. மாட்ட வேண்டியவை: கண்ணாடி, இண்டிகேட்டர், பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர். அப்புறம் சேலை கார்டு. விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும்படி ஒரு தடுப்பும் வேண்டும், துணி சிக்காமல் இருக்க என்கிறது. ராணுவ புல்லட்டில் அந்த இடத்தில் பை மாட்டும் இரும்புச் சட்டம் இருந்தது. ஜவான் யாரும் சேலை கட்டி வரப்போவதில்லை அல்லவா. நாங்கள் முதல் நாள் ஆய்வில் திரும்பியது இதனால்தான், வேறு எல்லாம் சரியாக இருந்தும். புதுப்பேட்டையில் 350 ரூபாய்க்கு ஒரு சேலை கார்டு வாங்கி மாட்டினேன். வீட்டில் அந்த வண்டியின் பின்னால் சேலையோடு உட்காருபவள் நான்தான், அதனால் ஆய்வாளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

காப்பீடும் ஃபைலும்

இன்ஷூரன்ஸ் இல்லாமல் பதிவு நடக்காது. ஆனால் இணையத்தில் முயன்றால் எடுத்தவுடன் பதிவு எண் கேட்கும், இல்லையென்றால் புது வண்டி என்று நினைத்து ஷோரூம் பில் கேட்கும். அரசுக் காப்பீட்டு நிறுவனக் கிளை ஒன்றுக்கு நேரில் போய், படிவம் 21ஐக் காட்டி, எஞ்சின் சேஸிஸ் நம்பரின் பேரில் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தேன். அதிகாரி ஒருமுறை வண்டியின் போட்டோவைப் பார்த்தார், அவ்வளவுதான். நம்பர் வந்த பிறகு பாலிசியில் ஏற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.

மற்றவை எளிது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபைலில் படிவம் 20, அசல் படிவம் 21, டெப்போவின் ஒதுக்கீட்டு அல்லது ஏலக் கடிதம், பணம் கட்டிய ரசீது, கேட் பாஸ், காப்பீடு, முகவரிச் சான்று, பான், பென்சில் பிரிண்ட். அசல் போனால் போனதுதான். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் கலர் ஜெராக்ஸ் எடுங்கள். என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. புது வண்டிக்குத் தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று, படிவம் 22, நம்மிடம் இருக்காது. அதனால்தான் ஆய்வு மற்ற வண்டிகளைவிடக் கொஞ்சம் நீளம்.

பதிவுக் கட்டணம் மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய்தான், பணம் போகும் இடம் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். பசுமை வரியும் சேரலாம். எந்த விலையின் மேல் வரி போடுவார்கள் என்பதை வண்டி வாங்கும் முன்பே உங்கள் ஆர்டிஓவில் வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள்.

புகையையும் முன்பே பாருங்கள். எங்கள் 2006 மாடல் போன்ற நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பனிமலையில் ஓடிய வண்டியின் கார்புரேட்டரை யாராவது எப்படியோ திருகி வைத்திருப்பார்கள். எங்களுடையது முதல் சோதனையில் 6ஐத் தொட்டது. அப்பா ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி 2.8க்குக் கொண்டுவந்தார்.

ஆய்வு நாள்

இரண்டாவது தடவை போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது அந்த ஆர்டிஓ ஆய்வாளர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, ஊருக்கெல்லாம் ஃபாரம் அடிக்கறவங்க, நீங்களே வரிசையில நிக்கறீங்க?" சேஸிஸ் நம்பரைத் தன் கையாலேயே ஒரு பிரிண்ட் எடுத்து, படிவத்தோடு ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். அந்த எட்டு வந்தபோது நான் மூச்சை விடவில்லை. டார்ச் கேட்டார். அப்பா தயாராகச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். "எட்டுதான்" என்றார்.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அப்பா டீகம்ப்ரெஸரை அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, விட்டு, ஒரே மிதி. எடுக்கவில்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவது மிதியில் எடுத்தது. பிறகு இன்ஸ்பெக்டரே ஓட்டிப் பார்க்க ஏறினார். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தாலும் காலுக்குத் தெரியவில்லை. கேட் பக்கம் போய் பிரேக் என்று வலது காலை அமுக்க, வண்டி அடுத்த கியருக்குப் போனது. முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டு இறங்கி, "நீங்களே ஓட்டிக் காட்டுங்கய்யா" என்று சாவியை அப்பாவிடம் கொடுத்தார். நீங்கள் போகும்போது பழக்கமானவரைக் கூட்டிப் போங்கள்.

ஒன்பதாம் நாள் நம்பர் வந்தது. இப்போதெல்லாம் ஆர்சி விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது, முகவரியையும் செல் நம்பரையும் சரியாகக் கொடுங்கள். ஆர்சி வந்ததும் அதில் அச்சான சேஸிஸ் நம்பரையும், பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். தேதி முடியும் முன் படிவம் 25ல் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய பைக்குக்கு 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் 1000 ரூபாய், இருபது வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2000 ரூபாய்.

நம்பர் பலகையில் பின்பக்க எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம். நம்பருக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டுக்கொள்வது, டேங்கில் 'ஆர்மி' என்று ஒட்டுவது வேண்டவே வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இந்த மாதிரி ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போடுகிறது. உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவரே ஒட்டாமல்தான் போகிறார்.

ஜிப்ஸி, ஜோங்கா ஆசைக்காரர்களுக்கு

2019ல் தோனி ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப்பை வாங்கினார் என்று செய்தி வந்ததிலிருந்து என் கடைக்கு வரும் பையன்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தல ஓட்டினால் நாமும் ஓட்ட வேண்டாமா. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிஸான் வடிவமைப்பில் செய்த வண்டி அது, 1999ல் நின்றுபோனது. பெட்ரோல் எஞ்சின் கிட்டத்தட்ட நான்கு லிட்டர். அண்ணா நகரிலிருந்து பீச்சுக்குப் போய்வர எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று ஓட்டுபவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஜோங்காவை இனிமேல் புதிதாகப் பதிவது என்பதை மறந்துவிடலாம், ஏற்கெனவே ஆர்சி உள்ளதைத்தான் தேட வேண்டும். மாருதியின் ஜிப்ஸிக்கு வழி இருக்கிறது, பாகமும் கிடைக்கிறது. வழி மேலே சொன்னதுதான், வரி மட்டும் பெரிது.

வாங்கிய பிறகு கூரையை வெட்டுவது, வேறு டீசல் எஞ்சின் ஏற்றுவது, பெரிய டயர் போடுவது என்று திட்டமிருந்தால், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள்: தயாரிப்பாளரின் அசல் வடிவத்துக்கு மாறாக மாற்றியமைத்தால் பதிவு கிடையாது. லாரி வகையென்றால் தகுதிச் சான்று, பெர்மிட் எல்லாம் சேரும், அதில் எனக்கு அனுபவம் இல்லை.

தாத்தா காலத்து வில்லிஸ் ஜீப் மாதிரி ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021லிருந்து விண்டேஜ் பதிவு இருக்கிறது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். ஆனால் அதில் தினசரி ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான்.

அப்பாவின் பழைய அம்புக்குறிப் பலகை என் கடைச் சுவரில், ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு அவர் டீ குடிக்க வரும்போது புல்லட்டைக் கடைக்கு முன்னால் நிறுத்துவார். படிவம் 20 அடிக்க ஐம்பது ரூபாய் வாங்குகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் இரண்டாவது கட்டத்துக்காக வருகிறார்கள். அவர்களிடம் வாங்குவதில்லை. நாலு மணிக்கு மேல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகச் சொல்வேன். அவர் முதலில் கழுத்துக்குத்தான் டார்ச் அடிப்பார்.